சவுதியில் இருந்த மாதங்களையும் கணக்கில் சேருங்கள்

கோத்தகிரி அருகே ஒரு கிராமத்தில் இருந்து வாசகி ஒருவர் எழுதுகிறார்:

"நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். 2017 ஆகஸ்ட் முதல் 2022 நவம்பர் வரை ஷார்ஜாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். இப்போது கணவர் வீட்டில் இருக்கிறேன். சொந்தத் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிப்பதும் நான்தான். ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு நிரந்தர விசா எடுக்க முயற்சி செய்கிறோம். அதற்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்று வேண்டும். கணவர் டிரைவர். சவுதியில் 2018-ல் தம்மாமில் ஏழு மாதம், 2019-ல் இருந்து ரியாத்தில் எட்டு மாதம் இருந்தார். லீவில் வந்தவர் கொரோனா வந்ததால் திரும்பிப் போகவில்லை. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் பணம் கட்டி இருவருக்கும் சரிபார்ப்புச் சான்று வாங்கிவிட்டோம். அது போதாதா? எங்கள் ஏஜென்ட், 'சவுதியைக் காட்டவே வேண்டாம், ரெண்டு தடவையும் ஒரு வருஷத்துக்குக் கீழேதான். ஷார்ஜா போலீஸ் கிளியரன்ஸை கைரேகை இல்லாமலே நான் எடுத்துத் தர்றேன், அறுபதாயிரம் ஆகும்' என்கிறார். என் பழைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கிறது, புதியதில் கணவர் பெயர். இதனால் சிக்கல் வருமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஏஜென்ட்டுக்கு இதுவரை ஏதாவது அட்வான்ஸ் கொடுத்திருந்தால், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டோ, எமிரேட்ஸ் ஐடியோ (அமீரக அடையாள அட்டை), கணவரின் இக்காமா (சவுதி குடியிருப்பு அட்டை) நகலோ அவர் கையில் இருந்தால் இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

தமிழ்நாடு போலீஸின் இணையச் சரிபார்ப்பு உள்ளூர் வேலைக்கும், வாடகை வீட்டுக்கும், வீட்டு வேலையாட்களைப் பற்றி விசாரிப்பதற்கும் ஆனது. விசாவுக்கு அது செல்லாது. இந்தியாவுக்கான பி.சி.சி. (போலீஸ் கிளியரன்ஸ் சான்று) பாஸ்போர்ட் அலுவலகம் மூலமாகத்தான் வரவேண்டும். நீலகிரி மாவட்டம் கோயம்புத்தூர் மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் ஆளுக்கு 500 ரூபாய் கட்டி நேரம் வாங்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய பணம் போனது போனதுதான்.

அதைவிட முக்கியமானது ஒன்று. நம் ஊர் போலீஸால் நம் நாட்டு நடத்தையைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும். ஷார்ஜாவில் நீங்கள் இருந்த ஐந்து வருடத்துக்கு அமீரகம்தான் சான்று தரவேண்டும். கணவர் சவுதியில் இருந்த காலத்துக்கு சவுதிதான் தரவேண்டும். வளைகுடா நாடுகளில் உள்ள இந்தியத் தூதரகமும் பி.சி.சி. கொடுக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டு அந்த நாட்டுச் சான்று கிடைத்துவிட்டதாக நினைத்திருந்த பலரைப் பார்த்திருக்கிறேன். அதுவும் இந்தியப் பதிவை வைத்துத் தரப்படுவதுதான்.

இப்போது கணவரின் பதினைந்து மாதம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். ஆஸ்திரேலியாவின் விதி, 16 வயதுக்குப் பிறகு, கடந்த 10 ஆண்டுகளில், ஒரு நாட்டில் மொத்தமாக 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்று வேண்டும் என்கிறது. மொத்தமாக என்பதைக் கவனியுங்கள். தம்மாமும் ரியாத்தும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றன. ஏழும் எட்டும் பதினைந்து. கம்பெனி மாறினாலும், நடுவில் ஊருக்கு வந்து போனாலும் கூட்டல் மாறாது. அதனால் சவுதிச் சான்று கட்டாயம் வேண்டும். விசா உங்கள் பெயரில் முதன்மையாகப் போனாலும், கூட வரும் கணவரும் இதே நன்னடத்தை நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும்.

சவுதி விஷயத்தில் ஏஜென்ட் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. நாட்டுக்கு நாடு கணக்கு மாறுவதால் குழம்பியிருக்கலாம். திறமைப் பணியாளர்களுக்கான கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்துக்குக் கணக்கு வேறு. அங்கே 18 வயதுக்கு மேல், கடந்த 10 ஆண்டுகளில், தொடர்ச்சியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த நாடுகளுக்குச் சான்று வேண்டும். அமெரிக்காவின் குடியேற்ற விசாவுக்கு 10 ஆண்டு என்ற வரம்பே கிடையாது. 16 வயதுக்குப் பிறகு 12 மாதம் இருந்த பழைய நாடு எதுவானாலும் சான்று கேட்பார்கள். இது நம் மலையில் பலரைத் தொடும் விஷயம். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கண்டி, நுவரெலியா பக்கமிருந்து வந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய தாயகம் திரும்பியோர் குடும்பங்களில், இப்போது பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களாகி பெற்றோரைக் கூப்பிடுகிறார்கள். இருபது வயதில் கப்பலேறி வந்த அப்பாவுக்கு இலங்கைப் போலீஸ் சான்று வேண்டும் என்று கேட்கும்போது அந்த வீடே அதிர்ந்துபோகிறது. எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த நாட்டுக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கனடா போனபோது எப்படிச் செய்தார் என்று கேட்டு உங்கள் ஃபைலைத் தயார் செய்யக் கூடாது.

சவுதியைக் காட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். ஆஸ்திரேலியா கேட்கும் படிவம் 80-ல் கடந்த 10 ஆண்டுகள் எங்கெங்கே குடியிருந்தீர்கள், எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று எழுத வேண்டும். கணவரின் பாஸ்போர்ட்டில் சவுதி விசா ஒட்டியிருக்கிறது, குடியேற்ற முத்திரைகள் இருக்கின்றன. மறைத்தது தெரிந்தால் 4020 என்ற எண்ணுள்ள நிபந்தனையின் கீழ் விசா மறுக்கப்படும். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் பெரும்பாலான விசாக்கள் கிடைக்காது. அவருக்கு மட்டும் இல்லை, குடும்பமாக விண்ணப்பித்த உங்களுக்கும் அதே கதிதான். கனடாவில் இதற்கு ஐந்து ஆண்டு. பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் பத்து ஆண்டு வரை போகும். நேர்மையாகப் படித்து, ஐந்து வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த அனுபவத்தை, பதினைந்து மாத விவரம் ஒன்றுக்காகப் பணயம் வைக்காதீர்கள். இதை உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

லீவு முடிந்து திரும்ப வேண்டிய ரீ-என்ட்ரி விசாவில் வந்து திரும்பாமல் போனதால் சவுதிச் சான்றில் ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கலாம். போலீஸ் சான்று குற்றப் பதிவைப் பற்றியது. லீவில் வந்தவர் திரும்பாதது வேலையும் குடியேற்றமும் சம்பந்தப்பட்ட விஷயம். மறுபடி சவுதிக்கு வேலைக்குப் போவதில் அது முன்பு தடையாக இருந்தது, ஆனால் அதுவே ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடாது. விசா படிவத்தில் அதைப் பற்றிக் கேள்வி வந்தால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். 2020-ல் விமானங்கள் நின்றதும் லட்சக்கணக்கானவர்கள் வந்த இடத்திலேயே தங்கிவிட்டதும் உலகத்துக்கே தெரியும். டிக்கெட் ரத்தான மெயில், கம்பெனியோடு பேசிய வாட்ஸ்ஆப் இருந்தால் எடுத்து வையுங்கள்.

உங்களிடம் வேறொன்று கேட்க வேண்டும். ஷார்ஜாவை விட்டு வரும்போது வங்கிக் கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ வைத்துவிட்டு வந்தீர்களா? அங்கே கடன் கொடுக்கும்போது வங்கிகள் செக்யூரிட்டி செக் வாங்கிக்கொள்வது வழக்கம். 2022 ஜனவரி முதல் செக் திரும்பியதை மட்டும் வைத்துக் குற்ற வழக்கு போடுவது பெரும்பாலும் நின்றுவிட்டது, ஆனால் கடன் பாக்கி வழக்கு என்பது வேறு. பாக்கி இருந்தால் முதலில் அந்த வங்கியிடம் பேசித் தீர்த்து, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

அமீரகச் சான்றுக்கு நீங்கள் ஷார்ஜா போக வேண்டியதில்லை. அமீரக உள்துறை அமைச்சகத்தின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். துபாய் போலீஸ் தனியாக ஒரு சேவை வைத்திருக்கிறது, நீங்கள் இருந்தது ஷார்ஜா என்பதால் உள்துறை அமைச்சகம்தான் உங்களுக்குச் சரி. பழைய எமிரேட்ஸ் ஐடி எண், ரெசிடென்ஸ் விசா ஒட்டிய பாஸ்போர்ட் பக்கம், இப்போதைய பாஸ்போர்ட் இவற்றோடு, நாட்டுக்கு வெளியே இருந்து கேட்பவர்கள் கைரேகை அட்டையும் வைக்க வேண்டும். அந்த அட்டையில் அமீரகத் தூதரகத்தின் முத்திரை இருக்க வேண்டும். தூதரகம் டெல்லியில், துணைத் தூதரகங்கள் மும்பையிலும் திருவனந்தபுரத்திலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. தூதரகத்துக்கு முன்னால் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) வாங்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தியா 2005-லேயே அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரே முத்திரையை உறுப்பு நாடுகள் ஏற்கும் ஏற்பாடு) சேர்ந்துவிட்டது, சவுதியும் 2022-ல் சேர்ந்துவிட்டது. அமீரகம் அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் போதும் என்று யாராவது சொல்லி அமீரக அட்டைக்கும் அதை ஒட்டிக்கொண்டு வந்தால், மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அட்டஸ்டேஷன் ஏஜென்சியிடம் கொடுக்கும்போதே அமீரகத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள்.

கைரேகையைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஊட்டியில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு கோரிக்கைக் கடிதத்தோடு போங்கள். எந்த நாட்டுக்கு, எதற்காக, எந்தப் படிவத்தில் வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, அந்த நாடு கேட்டதற்கான தாளையும் பின்னால் இணைத்துவிடுங்கள். வெறுங்கையோடு போய் "விசாவுக்குக் கைரேகை எடுக்கணும் சார்" என்று நின்றால், எந்தப் பிரிவு, எதற்கு என்று அலைய விடுவார்கள். அது அவர்கள் தப்பும் இல்லை, எங்கே கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

ஆதார் மையத்தில் வைப்பது போல விரலை அழுத்தி வைத்தால் போதாது. மையில் தடவி, நகத்தின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை ஒவ்வொரு விரலையும் உருட்டி எடுக்க வேண்டும். அதன் கீழே நான்கு விரலையும் சேர்த்து ஒரு பதிவு, கட்டை விரல்கள் தனியாக. அட்டையிலேயே உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, எடுத்த அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். ஒரே தடவையில் மூன்று அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தபாலில் காணாமல் போகலாம், ஒன்று தெளிவில்லை என்று திரும்பலாம்.

நர்ஸ்களின் கையில் ரேகை தேய்ந்திருப்பது நான் அடிக்கடி பார்ப்பது. நாள் முழுக்க சானிடைசர், சோப்பு, கிளவுஸ். உங்களுக்கு அதோடு தேயிலை பறிப்பும் சேர்ந்திருக்கிறது. இலைக் கறை பிரச்சினை இல்லை, மைப்பதிவுக்கு நிறம் முக்கியமில்லை. விரல் நுனித் தோல் தேய்ந்து வெடித்திருப்பதுதான் பிரச்சினை. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் இன்னும் மோசம். அதனால் கைரேகைக்குப் போவதற்கு முன் பத்து நாளாவது இலை பறிக்கும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். இராத்திரி படுக்கப் போகும்போது கைக்குத் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவுங்கள். போகும் அன்று மட்டும் எதுவும் தடவாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்துவிட்டு வையுங்கள். அப்படியும் ஒரு விரலில் ரேகை விழவில்லை என்றால், அதற்கான காரணத்தை அந்தக் கட்டத்திலேயே அதிகாரியை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். காரணம் எழுதாத வெற்றுக் கட்டம்தான் திரும்பி வரும்.

அட்டையை மடிக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் கூரியர் பை நனைந்து மை பரவிய அட்டையை நான் கையில் பிடித்திருக்கிறேன். இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, நடுவில் கெட்டி அட்டை வைத்து அனுப்புங்கள்.

சவுதிக்கும் கைரேகை வேண்டும். ஆனால் சவுதிப் பாதை நீளம். பொதுவாக இந்தியாவில் உள்ள சவுதித் தூதரகத்தின் வழியாகக் கைரேகைப் படிவத்தைச் சான்றொப்பம் செய்து, சவுதியில் உங்களுக்காக நேரில் கொடுத்து வாங்க ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கும். கணவரின் பழைய நண்பர் யாராவது ரியாத்தில் இன்னும் இருந்தால் அவரே போதும், முகம் தெரியாத புரோக்கர் தேவையில்லை. விசா கேட்கும் நாட்டில் இருந்து ஒரு கோரிக்கைக் கடிதம் வேண்டும் என்று சில நாட்டுப் போலீஸ் கேட்கும். ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நாடுவாரியாக வழிமுறை இருக்கிறது, சவுதிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு ஆரம்பியுங்கள். இக்காமா எண், கம்பெனிப் பெயர், கஃபீல் (ஸ்பான்சர்) பெயர், வந்த போன தேதிகள் எல்லாவற்றையும் கணவர் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். இக்காமா அட்டை தொலைந்திருந்தால் பழைய சம்பளச் சீட்டிலோ மருத்துவக் காப்பீட்டு அட்டையிலோ எண் இருக்கும்.

எவ்வளவு முயன்றும் ஒரு நாட்டுச் சான்று கிடைக்காமல் போவதும் உண்டு. அதனால் கதவு மூடிவிடாது. எந்தத் தேதியில் யாருக்கு எழுதினீர்கள், தூதரகம் என்ன பதில் சொன்னது, கூரியர் ரசீது, மெயில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்த்துவந்தால், நியாயமான முயற்சி எடுத்தும் கிடைக்கவில்லை என்று விளக்கத்தோடு கொடுக்கலாம். அதிகாரி அதை ஏற்பதும் ஏற்காததும் அந்த ஃபைலைப் பொறுத்தது. முயற்சியே செய்யாமல் "கிடைக்காதாம்" என்று எழுதுபவர்களுக்கு இந்த வழி இல்லை.

ஏஜென்ட் கைரேகை இல்லாமல் எடுத்துத் தருகிறேன் என்பதற்கு இப்போது அர்த்தம் புரிந்திருக்கும். அமீரகம் கேட்பதைக் கொடுக்காமல் அமீரகச் சான்று வருகிறது என்றால், அது எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தாளாகத்தான் இருக்க முடியும். சரிபார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்தபின் தண்டனை உங்களுக்குத்தான், அவர் பெயர் எந்தப் படிவத்திலும் இருக்காது.

பெயர் வேறுபாட்டுக்கு வருகிறேன். இன்ஷியலோடு வாழும் நமக்கு இது வந்தே தீரும். பழைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், புதியதில் கணவர் பெயர், எமிரேட்ஸ் ஐடியில் மூன்றாவது ஒரு வரிசை இருக்கலாம். பிறந்த ஊர்கூட ஒன்றில் ஊட்டகமண்ட், இன்னொன்றில் உதகமண்டலம் என்று இருக்கும். விண்ணப்பங்களில் வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் இடத்தில் எல்லா வடிவத்தையும், அந்தந்த ஆவணத்தில் உள்ள எழுத்து மாறாமல் எழுதுங்கள். திருமணப் பதிவுச் சான்று, இரண்டு பாஸ்போர்ட்டின் நகல், இரண்டு பெயரும் ஒருவரே என்ற நோட்டரி அபிடவிட் இவற்றைச் சேர்த்து வையுங்கள். அமீரகச் சான்றில் பழைய பாஸ்போர்ட் எண்ணும் வரும்படி பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. பழைய பாஸ்போர்ட்டை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள்.

நீங்கள் நர்ஸ் என்பதால் ஒன்று. ஆஸ்திரேலியாவில் பதிவு செய்யும்போது அஹ்ப்ரா என்ற அமைப்பு தனியாக ஒரு சர்வதேசக் குற்றப் பதிவுச் சோதனை கேட்கும். அவர்கள் அங்கீகரித்த நிறுவனம் வழியாகத்தான் அதைச் செய்ய வேண்டும். 18 வயதுக்கு மேல் தொடர்ச்சியாக ஆறு மாதம் இருந்த நாடுகள் அதில் வரும். அதை முடித்துவிட்டதால் விசாவுக்கான போலீஸ் சான்று முடிந்தது என்று ஆகாது. இரண்டும் வேறு வேறு.

எதை முதலில் செய்வது என்றால், சவுதியை இன்றே ஆரம்பியுங்கள், அடுத்து அமீரகம், இந்திய பி.சி.சி. கடைசியில். ஆஸ்திரேலியாவுக்குச் சான்று கொடுத்த தேதியில் இருந்து 12 மாதம்தான் செல்லும். சுலபமாகக் கிடைப்பதை முதலில் வாங்கி வைத்தால், கஷ்டமானது வருவதற்குள் அது காலாவதி ஆகிவிடும். புள்ளி அடிப்படையிலான விசாவில் அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்க 60 நாள்தான். அந்த 60 நாளில் ரியாத் நண்பரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இதைப் படிப்பவர்களில் இன்னும் வளைகுடாவில் இருப்பவர்கள் இருந்தால், ஊருக்குக் கிளம்பும் முன் ஐடி உயிரோடு இருக்கும்போதே சான்றை வாங்கிவிடுங்கள், ஒரு வருடத்துக்குள் ஆஸ்திரேலியாவுக்குப் போடுவதாக இருந்தால். கனடாவுக்கு அப்படி வாங்கியது உதவாது, அந்த நாட்டில் கடைசியாக வாழ்ந்து முடித்த பிறகு கொடுத்த சான்றுதான் வேண்டும் என்பார்கள். எப்படியானாலும் ஐடியின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சவுதிச் சான்று அரபியில் வந்தால் மொழிபெயர்க்க வேண்டும். இந்தியாவில் இருந்தே செய்யலாம். மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், முகவரி, போன் எண், அந்த மொழியில் அவருக்கு உள்ள தகுதி எல்லாம் ஆங்கிலத்தில் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். அமீரகச் சான்றை விண்ணப்பிக்கும்போதே ஆங்கிலத்தில் கேட்டுவிடுங்கள், அந்தச் செலவு மிச்சம்.

இந்திய பி.சி.சி.க்குப் போலீஸ் விசாரணை வரலாம். இப்போது உண்மையில் குடியிருக்கும் கணவர் வீட்டு முகவரியைக் கொடுங்கள், அம்மா வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு அங்கே இல்லாமல் போனால் ஆள் இல்லை என்று எழுதிப் போய்விடுவார்கள். கோத்தகிரி ஸ்டேஷனில் இருந்து போன் வரும், உங்கள் கிராமத்தில் சிக்னல் விட்டுவிட்டு வருமென்றால் கணவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.